புயல் கூண்டு ஏற்றிய காலையில் எங்கே போவது? ராமேஸ்வரத்தில் பயணப் புகைப்படம் பழகுவோருக்கு

ராமேஸ்வரம் தீவுக்குக் கேமராவோடு போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த மாதம்?’ என்பதுதான். பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது. தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் சூரியன் உதிக்கும் படம் ஒன்றைக் கைபேசியில் பார்த்திருப்பார்கள். அதே இடம், அதே நிறம், அதே சூரியன் வேண்டும் என்று இரண்டு நாள் விடுப்பு போட்டு ரயில் ஏறுவார்கள். போன இடத்தில் வானம் மூடியிருக்கும். இல்லாவிட்டால் சாலையை அடைத்திருப்பார்கள். மனம் சோர்ந்து கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, சுவாமி தரிசனம் முடித்து ஊர் திரும்பிவிடுவார்கள்.

அந்த இரண்டு நாளும் வீணாகியிருக்க வேண்டியதில்லை. திட்டம் மாறும் என்பதை முன்பே கணக்கில் வைத்துத் திட்டம் போடுவது எப்படி, மாறிவிட்ட பிறகு அந்தக் காலையைக் காப்பாற்றுவது எப்படி என்பதை, நான் பலமுறை போய்வந்த இந்த ஒரு தீவை வைத்தே சொல்கிறேன். முறை பிடிபட்டுவிட்டால் வால்பாறைக்கும் ஹம்பிக்கும் அதையே எடுத்துச் செல்லலாம்.

1. இடத்துக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

தனுஷ்கோடிச் சாலையில் போகும்போது இரு கையிலும் கடல் வரும். வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் பாக் ஜலசந்திப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அமைதியான கடல் வேண்டுமென்றால் பெண் கடல் பக்கம் போனால் போதும் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். காற்று திரும்பினால் கதையும் திரும்பிவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குப் பக்கம் நுரைத்துப் பொங்கும்; மணல் சாலையின் குறுக்கே புகைபோல ஓடும். அக்டோபருக்குப் பிறகு வாடை வீசத் தொடங்கினால் வடக்குப் பக்கம் சீறும், தெற்குக் கடல் குளம்போலக் கிடக்கும். அலை அடிக்கும் படமா, அசையாத நீரில் படகு நிற்கும் படமா என்பதை முடிவு செய்துகொண்டு, சாலையின் எந்தப் பக்கம் இறங்குவது என்பதைக் காற்றிடம் கேளுங்கள்.

சூரியனும் இடம் மாறும். ஜனவரியில் இங்கே சுமார் 6:30 மணிக்குத் தென்கிழக்கில் உதிக்கும்; ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்னால் வடகிழக்கில். ஜூனில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜனவரியில் போய் நின்றால், படத்தில் சூரியன் இருந்த இடத்தில் வெறும் நீர்தான் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடலில் படகு வரிசையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கரையேற்றிய படகுகளைச் சுரண்டி, பலகை மாற்றி, வர்ணம் பூசும் வேலை அந்த மாதங்களில்தான் நடக்கும். என் கண்ணுக்கு அது படகு வரிசையைவிட நல்ல காட்சி. பூநாரைகள் வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் அவை கூட்டமாக இரை தேடும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயத்தை அறிவித்திருக்கிறது. எனவே சாலையிலிருந்தே எடுங்கள். பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தை விரட்டுவது பெரிய தவறு. இரை தேடும் நேரத்தை அவற்றிடமிருந்து பறிக்கிறீர்கள்.

2. திட்டத்தைத் தாளில் எழுதுங்கள், மாற்றோடு எழுதுங்கள்

ஒரு நாளை நான்கு பொழுதாகப் பிரியுங்கள்: விடியல், முற்பகல், மாலை, அந்திக்குப் பின். ஒவ்வொரு பொழுதுக்கும் விரும்பும் படம் ஒன்று, மாற்று இரண்டு. என் நோட்டில் ஒரு விடியல் இப்படி இருக்கும்:

விருப்பம்: அரிச்சல்முனை, சாலை முடியும் இடத்தில் உதயம்.
மாற்று ஒன்று: அக்னி தீர்த்தக் கரை, கிழக்கு வெளிச்சத்தில் பிதுர் தர்ப்பணம் செய்வோர்.
மாற்று இரண்டு: ராமேஸ்வரம் மீன்பிடி இறங்குதளம்.

மாற்றை எழுதும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். விருப்பமான படம் வெயிலைக் கேட்டால், மாற்றுகளில் ஒன்றாவது மேகத்தைக் கேட்பதாக இருக்க வேண்டும். வெயில் வராததால் அரிச்சல்முனை கெட்டது என்றால், வெயில் வேண்டிய இன்னொரு கரையை மாற்றாக வைத்து என்ன பயன்? இரண்டாவது, மாற்று அதே சாலையில் இருக்கக் கூடாது. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் மேகமூட்டத்தில் மிக நன்றாக வரும். பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவரின் துளைகள் எல்லாம் மெல்லிய வெளிச்சத்தில்தான் தெரியும். ஆனால் அரிச்சல்முனைக்குப் போகும் அதே சாலையில்தான் அதுவும் இருக்கிறது. அந்தச் சாலையிலுள்ள சோதனைச் சாவடி மூடினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அந்த இடிபாடுகளைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த ஊர் அது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், பயணிகளோடு கடலுக்குள் போனது. அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று குதித்துப் படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. அங்கே கேமராவை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

இரண்டு விடியல் வேண்டுமானால் மூன்று இரவு தங்குங்கள். முக்கியமான படத்தை முதல் நாள் காலையிலேயே முயலுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால், கெட்டுப்போனதைத் திருத்த இன்னொரு காலை கையில் இருக்காது.

பழைய படங்களை நம்பியும் திட்டம் போடாதீர்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயணிகள் ரயில்கள் தீவுக்குள் வரவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில், நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே எழும்பும். பழைய பாலத்தில் இரு கையாக விரிந்த தூக்கு, புதிய பாலத்தில் லிஃப்ட்போல மேலேறுகிறது. படம் வேறு, நிற்கும் இடமும் வேறு. கப்பல் கடக்கும் நாளில்தான் அது எழும்பும் என்பதால், எந்த நாள் என்று பாம்பனில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

3. முந்தின நாள் மாலையிலேயே கேட்டு வையுங்கள்

வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். குறிப்பாக மீனவர்களுக்கான எச்சரிக்கையை. கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், உயர் அலை எச்சரிக்கை வெளியிடும். பிறகு பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். 1-ஆம் எண் கூண்டு என்றால் தொலைவில் கடலில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது. 3-ஆம் எண் என்றால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடக்கூடும். அப்படிப்பட்ட நாளில் மீன்வளத் துறை அனுமதி டோக்கன் கொடுக்காது. படகுகள் கடலுக்குப் போகா.

அடுத்து, தனுஷ்கோடிச் சாலையில் உள்ள சோதனைச் சாவடிக்கு மாலையிலேயே போய், காலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். இருட்டிய பிறகு அங்கே இருக்க அனுமதி இல்லை. எனவே நட்சத்திரப் படம் என்ற ஆசையை இந்தச் சாலையில் வைக்க வேண்டாம். கடைசியாக, உங்களை அழைத்துப் போகப்போகும் ஆட்டோ ஓட்டுநரிடம் கேளுங்கள். சாலையில் மணல் ஏறியிருப்பது முதலில் தெரிவது அவருக்குத்தான்.

4. பையில் என்ன

குறைவாக எடுத்துப் போங்கள். 24 முதல் 70 மி.மீ. வரையிலான ஒரு லென்ஸ், அல்லது நல்ல கைபேசி ஒன்று இந்தத் தீவுக்குப் போதும். பூநாரைக்கு மட்டும் நீண்ட லென்ஸ் தேவை. அரிச்சல்முனையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் சென்சாரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மணலைவிட உப்புதான் மோசம். கடலோரத்தில் பத்து நிமிடம் நின்றால் லென்ஸ்மேல் மெல்லிய படலம் படியும். சூரியனுக்கு எதிராக எடுத்தால் படம் முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளிறிப்போகும். பலரும் இதைக் கேமராவின் கோளாறு என்று நினைக்கிறார்கள். முதலில் காற்றுப் பந்தால் மணலை ஊதிவிட்டு, சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முக்காலியின் கால்களை மணலில் அழுத்திப் புதைத்து நிறுத்துங்கள். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இன்னொன்று: ஏசி அறையிலிருந்து நேராக விடியற்காலைக் கடற்காற்றுக்கு வந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் ஏறிவிடும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையை மூடியபடி அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

பேட்டரி இரண்டு, மெமரி கார்டு இரண்டு, பிளாஸ்டிக் உறை ஒன்று, குடிநீர். போதும்.

5. திட்டம் உடைந்த காலையில்

ஒரு டிசம்பரில் மூன்று இரவு தங்கும் ஏற்பாட்டோடு போயிருந்தேன். முதல் நாள் மாலை பாம்பனில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றினார்கள். தெரிந்தும், விடியலில் திறந்துவிடுவார்கள் என்ற நப்பாசையில் சாவடிக்குப் போனேன். காவலர் தன்மையாகவே சொன்னார், இன்று யாரையும் விடுவதாக இல்லை என்று. நான் திரும்பிப் போகாமல் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றேன். வானம் சாம்பல் நிறத்திலிருந்து வெளிர்ச் சாம்பலுக்கு மாறியது, அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தித் தர வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரையை எழுத ஒரு காரணம். மூடிய கதவின் முன்னால் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

ஆட்டோ ஓட்டுநர் அண்ணன்தான் கேட்டார்: “கடலுக்கு யாரும் போகவில்லை என்றால் எல்லோரும் எங்கே இருப்பார்கள் தம்பி?”

அந்தக் கேள்வியை அதன் பிறகு எந்த ஊரிலும் நான் விட்டதில்லை. என்னை நிறுத்திய அதே காற்று, அதே மழை, அதே பந்த், வேறு யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது? அங்கே போக வேண்டும்.

இறங்குதளத்தில் வழக்கமாகச் சிதறி நிற்கும் விசைப்படகுகள் அன்று தோளோடு தோள் இடித்து நின்றன. அலை தூக்கும்போதெல்லாம் மரமும் மரமும் உரசும் ஓசை. கொடிகள் எல்லாம் ஒரே திசையில் விறைத்திருந்தன. ஒரு தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே பெரியவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி. கிழிந்த கண்ணிக்குள் ஊசி நுழையும், இடது கையின் இரண்டு விரல் கண்ணியின் அளவைப் பிடிக்கும், நூல் வளைந்து வரும், முடிச்சு விழும், கட்டைவிரல் ஒரு முறை விறைக்கும். அந்தக் கட்டைவிரலின் பக்கவாட்டில் நைலான் நூல் பல வருடமாக அறுத்துப் போட்ட கோடு ஒன்று பள்ளமாகத் தெரிந்தது.

படம் எடுக்கலாமா ஐயா என்று கேட்டேன். “கையை எடுத்துக்கொள் தம்பி. முகம் வேண்டாம்” என்றார். முகம் வேண்டாம் என்ற அந்தச் சொல் இல்லாதிருந்தால், எல்லோரும் எடுப்பதுபோல நானும் சுருக்கம் விழுந்த முகம் ஒன்றை எடுத்துவந்திருப்பேன். காலுக்கும் கைக்கும் நடுவில் இழுபட்டு நிற்கும் வலையை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

6. சாம்பல் வானத்தின் கீழ் எப்படி எடுப்பது

மேகம் மூடிய நாளில் வானத்தைப் படத்துக்குள் விடாதீர்கள். வெறும் வெள்ளையாக நின்று கண்ணை இழுக்கும். அடிவானத்தை மேலே தள்ளி, நீர், படகு, கை, வலை இவற்றால் சட்டகத்தை நிரப்புங்கள். வெள்ளை வானமோ மணலோ படத்தில் அதிகம் இருந்தால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டி வையுங்கள். கைபேசியில் ஆளின் முகத்தையோ கையையோ தொட்டு, பக்கத்தில் வரும் கோட்டை மேலே இழுத்தால் அதே வேலை நடக்கும்.

வலை பின்னும் கைக்கு 1/250 நொடி ஷட்டர் வேகம் போதும், ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறனை 800 வரை தயங்காமல் ஏற்றலாம். காற்றில் பறக்கும் கொடிக்கும் தெறிக்கும் அலைக்கும் 1/1000 வேண்டும். முக்காலியில் வைத்து நீரைப் பட்டுபோல மழுங்கடிக்கும் நீண்ட எக்ஸ்போஷர், பலத்த காற்றில் நடக்காத காரியம், கேமராவே ஆடும். வேண்டுமானால் 1/15-இல் எடுத்துப் பாருங்கள்: கட்டிய படகு கொஞ்சம், கொடி நிறைய என்று அசைவு தனித்தனியாகப் பதியும். எனக்கு அது பிடிக்கும்.

ஒரே இடத்தில் முதலில் தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, மிக அருகில் ஒன்று என்று எடுங்கள். இறங்குதளம் முழுவதும், பந்தலும் பெரியவரும், பிறகு கட்டைவிரல். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், வராதவருக்கும் அந்தக் காலை புரியும்.

7. மனிதர்கள்

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்று சொல்பவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் வேலை செய்பவர்கள் உங்களை மறந்துவிடுவார்கள். அண்ணே, அக்கா, ஐயா என்று கூப்பிட்டுப் பேசுங்கள். முதலில் வேலையைப் பற்றிக் கேளுங்கள், படத்தைப் பற்றிப் பிறகு. கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றின் குறுக்கே போகாதீர்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும் நேரம் எல்லோரும் பதற்றமாக இருப்பார்கள். பக்கவாட்டில் நின்று எடுங்கள். அக்னி தீர்த்தத்தில் நீராடுபவர்களை, முக்கியமாகப் பெண்களை, எடுக்கவே வேண்டாம். தர்ப்பணம் செய்பவரை முதுகுப் பக்கமிருந்து, அதுவும் அவர் குடும்பத்தாரிடம் கேட்ட பிறகு மட்டும்.

பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் படம் எடுக்கப் பலரும் விரும்புகிறார்கள். கழுத்தளவு நீரில் மூச்சடக்கிச் செய்யும் வேலை அது. கரையேறி ஓய்வெடுக்கும்போது பேசுங்கள், நீருக்குள் இருக்கும்போது கூப்பிடாதீர்கள்.

8. எடுக்கக் கூடாதவை

ராமநாதசுவாமி கோயில் பிரகாரத்தின் தூண் வரிசையை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும். உள்ளே கைபேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. அறையில் வைத்துவிட்டுப் போய்க் கண்ணால் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. படகுக்காரர் யாராவது அழைத்துப் போகிறேன் என்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். இது எல்லைக் கடல். டிரோன் விதிகளைப் பார்க்காமல், அனுமதி வாங்காமல் பறக்கவிட்டால் சிக்கல் படத்தோடு முடியாது. பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி இறங்குவது உயிருக்கு ஆபத்து. கீழே பாம்பன் ஊருக்குள் போனால் கரையிலிருந்தே சாலைப் பாலமும் ரயில் பாலமும் கிடைக்கும்.

9. இரவில் ஒரு மணி நேரம்

படங்களை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுத் தூங்குங்கள். அழிப்பதை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். திட்டமிடாமல் எடுத்த படத்தின் அருமை அன்றிரவே தெரியாது. நோட்டில் அன்றைய தாளுக்கு எதிர்ப்பக்கம், நடந்ததை எழுதுங்கள்: எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், யார் என்ன சொன்னார்கள், எந்த வார்த்தையைப் புதிதாகக் கேட்டீர்கள். கண்ணி, மடி, கச்சான் எல்லாம் எனக்கு அந்தப் பக்கங்களிலிருந்து வந்தவைதான். பிறகு அதைப் பார்த்து நாளைய விடியலை மாற்றி எழுதுங்கள்.

அடுத்த முறை போகும்போது, நீங்கள் படம் எடுத்த மனிதர்களுக்கு அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அஞ்சலட்டை அளவுப் படம் போதும்.

அந்தப் பெரியவருக்கு நான் ஒன்று கொண்டுபோனேன். அதே பந்தல், வேறு வலை. படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊசியின் முனையால் படத்தின் மூலையில் ஒரு கண்ணியைத் தொட்டுக் காட்டினார். “இந்த முடிச்சு அன்றைக்குச் சரியாக இறுகவில்லை, பார்” என்றார்.